ஆறு சாக்கு கறுப்பு மண்

விளக்கமறியல் சிறை
12 ஜூன் 2023

றமீலா,

எழுத்தைப் பார்த்ததுமே இதை நீ அடுப்பில் போடலாம். போடுவதற்கு முன் ஒரு தடவை வாசி.

மன்னிப்புக் கேட்க எழுதவில்லை. உன் புருஷனைக் கொன்றது நான்தான். பொலிஸில் சொன்னேன், யார் கேட்டாலும் சொல்வேன். சட்டத்தரணி நடந்ததை எழுதித் தரச் சொன்னார். அவருக்கு எழுதியதையே உனக்கும் எழுதுகிறேன்.

மேமலையில் பூட்டிக் கிடந்த, தேயிலைக் கொழுந்து நிறுக்கும் பழைய மடுவத்தைப் பதுளை முதலாளி எடுத்து, பழைய பெட்டரிகளை உடைத்து ஈயம் உருக்கத் தொடங்கி மூன்று வருடம் ஆகிறது. கழுவிய தண்ணீர் முழுக்க நம் லயத்து வீடுகள் தண்ணீர் பிடிக்கும் பீலிக்கு வரும் ஓடையில் இறங்கியது. அங்கே மேஸ்திரியாக நின்றவன் ரமணன். என் சிநேகிதன், உனக்கு மாப்பிள்ளையாக நானே தேடிக் கொண்டுவந்தவன். ஏப்ரல் இருபத்தேழாம் திகதி காலை ஆறு நாற்பதுக்கு ஆஸ்பத்திரியில் என் துவாரகா செத்தாள். ஐந்து வயது. உடம்பில் ஈயம் ஏறி மூளை வீங்கிவிட்டது என்றார்கள். பிள்ளையை உன் அண்ணியின் மடியில் விட்டுவிட்டு பஸ் ஏறினேன். ஹாலிஎலயில் இறங்கித் தோட்டத்துக்கு நடந்தேன். வீட்டு வாசல் இஸ்தோப்புக் கூரையில் செருகியிருந்த, தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியை எடுத்தேன். மடுவத்து வாசலில் ரமணன் குந்தியிருந்து பெட்டரி உடைத்துக்கொண்டிருந்தான். நீ தேத்தண்ணீர்ப் போத்தலோடு நின்றதை வெட்டிய பிறகுதான் பார்த்தேன்.

இப்போது கேட்பதற்கு வருகிறேன். அது விஷம் என்று அவனுக்குத் தெரிந்திருந்தது. தெரிந்தே நம் பிள்ளைகள் குடிக்கும் தண்ணீரில் விட்டான். அதை யாராவது சாட்சி சொன்னால் வழக்கின் போக்கே மாறும் என்கிறார் சட்டத்தரணி. அவனோடு நாலு வருடம் வாழ்ந்தவள் நீ. உனக்குத் தெரியாமல் இருக்காது.

மீரியபெத்தயில் மலை சரிந்து அம்மா அப்பாவை மண் மூடிய நாளிலிருந்து எனக்கு நீயும் உனக்கு நானும்தான். அதை நினைத்துச் சொல்.

சிவஞானம்

*

வெள்ளைப்பாறைத் தோட்டம்
3 ஜூலை 2023

உங்களை என்ன சொல்லி அழைப்பதென்று தெரியவில்லை. அண்ணன் என்று எழுதக் கை வரவில்லை. அதனால் எதுவும் எழுதாமல் தொடங்குகிறேன்.

கடிதத்தை அடுப்பில் போடவில்லை. கொன்றது நான்தான் என்று உங்கள் கையெழுத்தில் இருக்கிறது. பத்திரமாக வைத்திருக்கிறேன்.

சட்டத்தரணிக்கு எழுதிக் கொடுத்தீர்களே, எத்தனை வெட்டு என்று எழுதினீர்களா? நான் எழுதுகிறேன். முதல் வெட்டு கழுத்துக்கும் தோளுக்கும் நடுவில். அவர் விழவில்லை. இடது கையால் அதைப் பொத்திக்கொண்டு, "மச்சான், பொறுங்க, ஒண்ணு சொல்றேன்" என்றார். பொத்திய கையில் இரண்டாவது வெட்டு. இரண்டு விரல்கள் பெட்டரி ஓடுகளுக்கு நடுவில் விழுந்தன. மூன்றாவது வெட்டுக்குப் பிறகு அவர் வாயிலிருந்து பேச்சு வரவில்லை, காற்றுத்தான் வந்தது. என் துண்டைச் சுருட்டிக் கழுத்தில் அடைத்தேன். துண்டு நனைந்து கனத்து என் கையை விட்டு வழுக்கியது. ஈய லொறிக்காரன் சீட் நாறிவிடும் என்று ஏற்றவில்லை. ஏற்றியிருந்தாலும் பிழைத்திருக்க மாட்டார் என்று பிறகு பொலிஸார் எனக்கு ஆறுதல் சொன்னார்கள்.

பிள்ளைப் பாசத்தில் செய்துவிட்டார் என்று லயத்தில் உங்களுக்காகப் பேசுகிறார்கள். முதல் வெட்டு பாசம் என்றே வைத்துக்கொள்கிறேன். மற்ற இரண்டும் என்ன?

துவாரகாவை நானும் தூக்கி வளர்த்தேன். அவளுக்காக அழக்கூட எனக்கு நீங்கள் ஒரு நாள் விடவில்லை. ஒரே நாளில் இரண்டு பெட்டி. எந்தப் பெட்டியின் பின்னால் நடப்பதென்று தெரியாமல் நடு றோட்டில் நின்றேன். கடைசியில் பிள்ளையின் பின்னால் போனேன். அவரை அவருடைய ஆட்கள் ஹாலிஎலயில் எரித்தார்கள்.

எனக்கு இது நான்காவது மாதம். அன்றைக்கு அந்தத் தேத்தண்ணீரோடு அதைச் சொல்லத்தான் மடுவத்துக்குப் போனேன். சொல்லாமலே போயிற்று. துவாரகாவைப் பார்த்த டொக்டர் நிவேதிகா என் இரத்தத்தையும் எடுத்துப் பார்த்தார். ஈயம் முப்பத்தொன்பது. ஐந்துக்குள் இருக்க வேண்டுமாம். என் புருஷனின் வேலை உடுப்பைத் துவைத்ததில் ஏறியிருக்கும் என்றார். என் எலும்புக்குள் போயிருக்கிறதாம், பிள்ளைக்குச் சுண்ணாம்புச்சத்து இறங்கும்போது இதுவும் கூடவே இறங்குமாம்.

அவருக்குத் தெரியுமா தெரியாதா என்று நான் சொல்ல மாட்டேன். வெட்டியவர் நீங்கள். அதற்குக் காரணத்தை என்னிடம் கேட்காதீர்கள்.

றமீலா

*

விளக்கமறியல்
20 ஆகஸ்ட் 2023

றமீலா,

நீ எண்ணிக் காட்டினாய். நானும் எண்ணிக் காட்டுகிறேன்.

போன வருடம் மார்கழியில் துவாரகா வயிற்று வலி என்று சுருண்டாள். பூச்சி மருந்து கொடுத்தோம். ஜனவரியில் சாப்பிடுவதை எல்லாம் வாந்தி எடுத்தாள். மண்ணை அள்ளித் தின்கிறாள் என்று உன் அண்ணி கையில் சூடு வைத்தாள். மார்ச்சில், பேசிக்கொண்டிருந்த பிள்ளைக்குப் பேச்சு குழறியது. எண்ணத் தெரிந்தவள் மூன்றுக்கு மேல் எண்ண மறந்தாள். கோயிலில் நூல் கட்டினோம். ஏப்ரல் இருபத்துநாலு, பஸ்ஸில், என் தோளில் சாய்ந்திருந்தவள் விறைத்தாள். கண் மேலே செருகியது. நாக்கைக் கடித்து வாயெல்லாம் இரத்தம். பல்லுக்கு நடுவில் என் விரலை வைத்தேன். ஆட்காட்டி விரலில் அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது.

பதுளையில் இரத்தம் பார்த்தார்கள். நூற்றுப் பன்னிரண்டு. அந்த யாழ்ப்பாணத்து டொக்டர் நிவேதிகா என்னை வெளியே கூப்பிட்டு, "எங்க தண்ணி எடுக்கிறனீங்கள்?" என்று கேட்டார்.

"பீலியில தாங்க. ஆனா கொதிக்க வச்சுத்தான் குடுத்தோம். பிள்ளைக்குச் சரியில்லன்னு இன்னும் கூட நேரம் கொதிக்க வச்சோம்."

"கொதிக்க வைச்சா கிருமிதான் சாகும், ஐயா. ஈயம் போகாது. தண்ணி வத்த வத்த அது கூடத்தான் செய்யும்."

இதைக் கேட்டவனுக்கு எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார். மூன்று நாள் ஊசி போட்டார்கள். மூன்று நாளும் கட்டிலோடு கையைக் காலைக் கட்டி வைத்திருந்தார்கள். வலிப்பில் அந்தச் சின்ன உடம்பு கட்டிலையே ஆட்டியது. அதெல்லாம் எத்தனை வெட்டு என்று நீ சொல்.

போன கிழமை இங்கே குளிக்கும் இடத்தில் இரண்டு பேர் என்னைச் சுவரோடு அழுத்தினார்கள். தெரியாத முகங்கள். ஒருவன் வாளியால் முகத்தில் அடித்தான். முன்பல் மூன்று போயின. மற்றவன் காதருகே வந்து, "குடிச்சிட்டு மச்சானோட சண்டைன்னு மட்டும் சொல்லு. ஈயம் கீயம்னு கோட்டுல வாயத் தொறந்த, அடுத்தது நாக்கு" என்றான். முதலாளியின் கை இங்கேயும் நீளுகிறது. சாப்பாட்டை விழுங்கத்தான் முடிகிறது, மெல்ல முடியவில்லை. இரக்கம் கேட்டு இதை எழுதவில்லை. அவர்கள் உன்னிடமும் வருவார்கள். உன் அண்ணியும் நீயும் ஒரே காம்பராவில் இருங்கள். தனியாகப் பீலிக்குப் போகாதீர்கள்.

வயிற்றில் இருக்கும் பிள்ளையைப் பற்றிப் படித்தேன். ஆனாலும் ரமணன் தெரிந்தேதான் செய்தான். அதில் மாற்றமில்லை.

சிவஞானம்

*

வெள்ளைப்பாறைத் தோட்டம்
9 ஒக்டோபர் 2023

நீங்கள் எழுதியபடியே வந்தார்கள். செப்டெம்பர் பதினெட்டு, மத்தியானம். ஆட்கள் எல்லாம் மலையில் வேலைக்குப் போயிருந்தார்கள். வான் வண்டியில் மூன்று பேர். முதலில் மரியாதையாகப் பேசினார்கள். தட்டெழுத்தில் அடித்த கடுதாசி ஒன்றை நீட்டி, "கையெழுத்துப் போடும்மா. மச்சானும் மச்சானும் சாராயம் குடிச்சிட்டு வெட்டிக்கிட்டாங்க, அவ்வளவுதான். செத்தவருக்கும் கௌரவம்" என்றார்கள்.

"அவரு குடிக்கவே மாட்டாருங்க" என்றேன்.

அறைந்தான். விழுந்தேன். விழுந்த பிறகு வயிற்றில் உதைத்தான். கைகளால் மறைத்தேன், உதை கையிலும் இடுப்பிலும் விழுந்தது. அண்ணி கத்திக்கொண்டு ஓடி வந்தார். இருவர் அவருடைய முடியைப் பிடித்து வாசலுக்கு இழுத்தார்கள். உதைத்தவன் பேனாவை என் விரலில் திணிக்கக் குனிந்தான். அம்மிக்குழவி என் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. தூக்கி அவன் முகத்தில் போட்டேன். தாடை உடைந்த சத்தம் கேட்டது. அவன் சரிந்தான். மற்ற இருவரும் இஸ்தோப்பில் நின்றுவிட்டார்கள்.

அவன் அசையவில்லை. இனி அவனால் எனக்கு எந்த ஆபத்தும் இல்லை. அது எனக்குத் தெரிந்தது. தெரிந்தும் குழவியை இரண்டாவது முறை தூக்கினேன். தலையைப் பார்த்துத்தான் தூக்கினேன். அண்ணி வந்து என் இரண்டு கையையும் பிடித்து, "போதும் றமீலா, போதும்டி" என்று தொங்கினார். மற்ற இருவரும் அவனை வண்டியில் தூக்கிப் போட்டுக்கொண்டு போனார்கள்.

மற்ற இரண்டு வெட்டும் என்ன என்று உங்களைக் கேட்டேன் அல்லவா. இப்போது எனக்குத் தெரியும். தெரிந்தது எனக்குப் பிடிக்கவில்லை. அண்ணியின் இடத்தில் அன்று மடுவத்தில் நான் இருந்தேன், ஆனால் உங்கள் கையைப் பிடிக்கவில்லை. அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை.

எனக்கு இரத்தம் போனது. ஆறு நாள் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தேன். பிள்ளை தங்கிவிட்டது.

நான் ஆஸ்பத்திரியில் இருந்தபோது சுகாதாரப் பகுதியிலிருந்து வந்து தண்ணீரும் மண்ணும் எடுத்துப் போயிருக்கிறார்கள். முடிவை டொக்டர் நிவேதிகா என்னிடம் வாசித்தார். ஓடையில் ஈயம் இருக்கிறது. பீலிக்கு வருவதற்குள் சேற்றில் பாதி படிந்துவிடுகிறது. மரக்கறிப் பாத்தியில் கூடுதல். எல்லாவற்றிலும் மோசம் உங்கள் முற்றம். ஓடைச் சேற்றைப் போல நாற்பது மடங்கு. "அந்த முத்தத்தில கறுப்பா, கரகரப்பா ஒரு மண் கிடக்குது. அது உருக்கின கசடு. ஆர் கொண்டுவந்து போட்டது?" என்று கேட்டார்.

யார் போட்டது? போன வருடம் தீபாவளிக்கு முந்திய கிழமை மழை. மடுவத்துக்குப் பின்னால் குவிந்திருந்த கசடில் ஆறு சாக்கு நீங்கள் தோளில் சுமந்து வந்தீர்கள். நான் அன்று உங்கள் வீட்டில் முறுக்குப் பிழிந்துகொண்டிருந்தேன். அவர் உங்கள் வாசலில் குறுக்கே நின்று, "மச்சான், அது வேணாம். வீட்டுப் பக்கம் போடாதீங்க" என்றார். நீங்கள் சிரித்தீர்கள். "மண்ணுக்குமா ஒங்க மொதலாளி கணக்குப் பாக்குறாரு?" என்றீர்கள். அவர் வழியை விட்டு ஒதுங்கினார்.

உங்கள் கேள்விக்கும் பதில் சொல்கிறேன். அவருக்குத் தெரியும். முழுவதும் தெரியாது, ஆனால் தெரியும். குளிக்காமல் என்னைத் தொட மாட்டார். வேலை உடுப்பை வீட்டுக்குள் விடமாட்டார். அந்தப் பக்கத்துக் கீரையைச் சாப்பிட மாட்டார். ஏன் என்று கேட்டால், "சும்மா, வாடை" என்பார். வேலை போய்விடும் என்று வாயை மூடிக்கொண்டார். கீழ் லயத்துப் பிள்ளைகள் எல்லாம் அந்தத் தண்ணீரைக் குடித்தபோதும் மூடித்தான் இருந்தார். ஒரே ஒரு தடவை வாய் திறந்தார். உங்களுக்காக.

இதையெல்லாம் நீதவானிடம் சொல்வேன். அவருடையதையும் சொல்வேன், உங்களுடையதையும் சொல்வேன்.

றமீலா

*

விளக்கமறியல்
30 ஒக்டோபர் 2023

தங்கச்சி,

இதைச் சட்டத்தரணி கையில் கொடுத்து அனுப்புகிறேன். இங்கிருந்து தபாலில் போட்டால் யார் கண்ணுக்குப் போகும் என்று தெரியாது.

உன் கடிதம் வந்து பன்னிரண்டு நாள். எழுத உட்கார்ந்து நாலு தடவை எழுந்துவிட்டேன். நீ யாருக்கும் தெரியாததைச் சொன்னதாக நினைத்திருப்பாய். எனக்கு முதலிலேயே தெரியும்.

ஏப்ரல் இருபத்தைந்தாம் திகதி, துவாரகா உயிரோடு இருந்தபோதே, டொக்டர் என்னிடம் தண்ணீரோடு இன்னொன்றும் கேட்டார். "பிள்ளை எந்த இடத்தில விளையாடுறவ? என்ன மண்?" செம்மண் என்று சொன்னேன். சொல்லும்போதே சாக்கு ஆறும் கண்ணுக்கு முன்னால் வந்தன. அவள் அந்த மண்ணில்தான் சோறு சமைத்து விளையாடுவாள். இனிக்குது அப்பா என்று ஒரு தடவை விரலை நீட்டிக் காட்டினாள். எனக்கு வேலைக்கு நேரமாகிவிட்டது என்று போய்விட்டேன்.

செத்த அன்று பஸ்ஸில் ஹாலிஎல வரைக்கும் வேறு எதையும் நினைக்கவில்லை. கொன்றது நானா என்று மட்டும்தான். ஹாலிஎலயில் இறங்கும்போது, கொன்றது ரமணன் என்று முடிவு செய்துவிட்டேன். அப்படி முடிவு செய்யாவிட்டால் அந்தத் தெருவில் இரண்டு அடி வைத்திருக்க மாட்டேன்.

முதல் வெட்டு கோபத்தில். அது உண்மை. அவன் கழுத்தைப் பொத்திக்கொண்டு, ஒண்ணு சொல்றேன் மச்சான் என்றானே, என்ன சொல்லப் போகிறான் என்று எனக்குத் தெரிந்தது. நான் அன்னைக்கே வேணாம்னேனே என்று சொல்லப் போகிறான். அது காதில் விழக்கூடாது என்றுதான் அடுத்த இரண்டும். வேறு காரணம் இல்லை. அதைத் தவிர வேறு எதையாவது அவன் சொல்ல வந்திருக்கலாம். இனி அது தெரியப் போவதில்லை.

இதை உன் அண்ணியிடம் நான் சொல்லவில்லை. சொல்லும் தைரியமும் இல்லை.

இன்னொன்று இருக்கிறது. இதைத் தாமதிக்காதே. போன வருடம் ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, என்னையும் வேறு நாலு பேரையும் முதலாளி கூப்பிட்டார். பிள்ளைக் காம்பராவின் பின்பக்கம் பள்ளமாக இருந்ததே, பிள்ளைகள் ஓடி விளையாடும் இடம், அதை நிரப்பச் சொன்னார். அறுபது எழுபது சாக்கு கசடு கொட்டி, மேலே இரண்டங்குலம் செம்மண் போட்டு அடித்து இறுக்கினோம். தோட்டத்துக்கு முதலாளியின் உபகாரம் என்று பேர். அந்தத் தரை மழையிலும் சேறாகாமல் கிடந்ததைப் பார்த்துத்தான் என் முற்றத்துக்கும் ஆசைப்பட்டேன். சோதிக்க வந்தவர்கள் அங்கே தோண்டியிருக்க மாட்டார்கள், மேலே செம்மண்தான் தெரியும். வேலைக்குப் போகும் பொம்பிளைகள் விட்டுப் போகும் பிள்ளைகள் எல்லாம் அதன் மேல்தான் தவழ்கின்றன. இரண்டங்குலம் இதற்குள் கரைந்திருக்கும்.

டொக்டரிடம் இந்தக் கடிதத்தைக் கொடு. கோட்டில் நானும் சொல்வேன். நாக்கைப் பற்றி இனிக் கவலையில்லை.

நீ எதைச் சொன்னாலும் எனக்குச் சம்மதம். மூன்று வெட்டு என்றே சொல். ஒன்றைக்கூடக் குறைக்காதே.

சிவஞானம்

*

வெள்ளைப்பாறைத் தோட்டம்
28 ஜனவரி 2024

அண்ணே,

நவம்பரில் உங்கள் கடிதம் கிடைத்த மறுநாளே டொக்டரிடம் கொண்டுபோனேன். பிள்ளைக் காம்பராவைப் பற்றிய பக்கத்தை மட்டும் கொடுத்தேன். மற்றப் பக்கங்களை அரிசிப் பெட்டிக்குள் வைத்துவிட்டேன். அண்ணிக்கு எழுத்துக் கூட்டத் தெரியாது என்பது அன்று எனக்கு வசதியாக இருந்தது.

அதிகாரிகள் திங்கட்கிழமை தோண்ட வருவதாக இருந்தது. சனிக்கிழமை காலையிலேயே முதலாளியின் ஆட்கள் லொறியோடு வந்துவிட்டார்கள், அதற்குள் கசடை அள்ளிக்கொண்டு போவதற்கு. காலையில் வேலை பிரிக்கும் பெரட்டுக்கு நின்ற பெண்கள் அப்படியே கூடையோடு வந்து வாசலை மறித்தார்கள். லொறிக்காரன் ஹோர்ன் அடித்துப் பார்த்தான். பிறகு ஏற்றிவிட்டான். பிள்ளைகளைப் பார்க்கும் ஆயாம்மாவின் வலது கால் முழங்காலுக்குக் கீழே லொறிச் சில்லுக்கு அடியில் போனது. அவர் கத்தியது மலைக்குக் கேட்டு ஆண்கள் ஓடி வந்தார்கள். லொறிக்காரனை இழுத்துப் போட்டு மண்வெட்டிக் காம்பால் அடித்தார்கள். அன்று அவரை ஏற்ற மறுத்தானே, அதே ஆள். நான் எட்டு மாத வயிற்றோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தேன், நிறுத்துங்கள் என்று சொல்ல வாய் வரவில்லை. அண்ணிதான் அவன் மேல் குறுக்கே விழுந்தார். இரண்டு அடி அவர் முதுகில் விழுந்த பிறகுதான் நிறுத்தினார்கள். "இன்னொரு சாவுக்குச் சோறாக்க என்னால முடியாது" என்றார்.

அந்தக் கலவரத்தில் மடுவத்தை எரித்துவிட்டார்கள். எரித்தது தப்பு என்று டொக்டர் திட்டினார். அந்தப் புகையிலும் ஈயம்தானாம். மூன்று நாள் பிள்ளைகளை வெளியே விடவில்லை. பிள்ளைக் காம்பராவின் பின்னால் எழுபத்திரண்டு சாக்கு எடுத்தார்கள். கீழ் லயத்தில் முப்பத்தாறு பிள்ளைகளுக்கு இரத்தம் பார்த்ததில் ஒன்பது பேரை ஆஸ்பத்திரியில் வைத்திருக்கிறார்கள். ஒன்பதும் உயிரோடு இருக்கின்றன. முதலாளியைப் பிடித்தார்கள், பிணையில் விட்டார்கள். வழக்கு இருக்கிறது.

எனக்கு நவம்பர் இருபத்தெட்டில் பெண் பிள்ளை. இரண்டு கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. அவள் இரத்தத்தில் இருபத்தாறு. என்ன ஆகும் என்று கேட்டால், வளர்ந்து பேசும்போதுதான் சொல்லலாம் என்கிறார் டொக்டர். தினம் அவள் கையைப் பிடித்து, இறுக்கிப் பிடிக்கிறாளா என்று பார்க்கிறேன். பிடிக்கிறாள்.

போன செவ்வாய் நீதவான் முன்னால் நான் சொன்னதைக் கூண்டில் நின்று கேட்டீர்கள். மூன்று வெட்டு. அவர் கடைசியாகச் சொன்ன சொல். அவருக்குத் தெரிந்திருந்தது. ஆறு சாக்கு. நான் ஆறு சாக்கு என்றபோது நீங்கள் தலையைக் குனியவில்லை, அண்ணி இருந்த பக்கம் பார்த்தீர்கள். அந்த மண்தான் பிள்ளையைக் கொன்றது என்று அண்ணிக்குத் தெரியாதென நாம் இரண்டு பேரும் நினைத்திருந்தோம்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் என் பிள்ளை அவர் மடியில் இருந்தாள். ஹாலிஎல கிட்ட வந்ததும் அண்ணி ஜன்னலைப் பார்த்தபடி, "அந்த மண்ண நான்தான் கொண்டாரச் சொன்னேன்" என்றார். "புள்ள சேத்துல வழுக்கி வழுக்கி விழுறா, முட்டியெல்லாம் ரத்தம். நீங்க பாத்துட்டு சும்மா இருக்கீங்களேன்னு ரெண்டு நாளா சண்டை போட்டேன். அதுக்கப்புறந்தான் போனாரு."

பிறகு என் பக்கம் திரும்பிக் கேட்டார்: "அவரு கோட்டுல இதச் சொல்லலியே. ஏன் சொல்லல?"

எனக்கு எழுதியபோதும் நீங்கள் அதை எழுதவில்லை. அரிசிப் பெட்டியிலிருந்த பக்கங்களை எடுத்து அன்றே அவருக்கு வாசித்தேன், முற்றத்தைத் தோண்டி எடுத்த பள்ளத்தின் ஓரத்தில் உட்கார்ந்து. எல்லாவற்றையும் வாசித்தேன். பஸ்ஸில் நீங்கள் நினைத்ததையும், இனிக்குது அப்பா என்று அவள் சொன்னதையும். அண்ணி அந்த இடத்தை மட்டும் திரும்ப வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். இன்னொரு தடவை என்றார். மூன்றாவது தடவை என்னால் முடியவில்லை.

உங்களை நான் மன்னிக்கவில்லை. பார்க்கவும் வர மாட்டேன். பிள்ளைக்கு அவள் அப்பா எப்படிச் செத்தார் என்று கேட்கும் வயது வந்தால் உள்ளதைச் சொல்வேன். ஆனால் அண்ணி பஸ்ஸில் என்னிடம் கேட்டது உங்களிடம் கேட்க வேண்டிய கேள்வி. அதற்குப் பதில் எழுதுங்கள். இனி அவர் பெயருக்கே எழுதுங்கள். நான் வாசித்துக் காட்டுகிறேன்.

றமீலா